வாசிப்பதற்கு மட்டும்: கணினிப் படிமங்களின் வரலாறு

எழுத்து இருவகைப்படும் எனலாம். எழுதி, அழித்து, மீண்டும் எழுதுவது ஒருவகை. ஒருமுறை எழுதியபின் எவராலும் திருத்த இயலாதது மற்றொரு வகை. பள்ளிச் சிறுவன் கற்பலகையில் போடும் கணக்கு முதலாவது வகையைச் சார்ந்தது. அரசன் அளித்த கொடையைப் பொறித்து வைத்த செப்பேடு இரண்டாவது வகையைச் சார்ந்தது. கற்பலகையின் பயன் அது அழியக்கூடியது என்பதிலே தங்கியிருக்கின்றது. செப்பேட்டின் பயனோ அஃது அழிக்கவொண்ணாதது என்பதிலே தங்கியிருக்கின்றது. வானொலி நிலையங்களின் களஞ்சிய அறைகளிலே அடுக்கி வைக்கப்பட்ட இசைத்தட்டுக்களும் இவ்விரண்டாவது வகையினவே. ஒருவர் ஆயிரம் முறை கேட்டாலும் அத்தட்டிலுள்ள பாடலின் ஒரு சொல்லையேனும் அவரால் மாற்றிவிட முடியாது.

கணினியின் வன்தட்டு கற்பலகை போன்றது. அதிலே கோப்புக்கள் நாள்தோறும் பிறக்கின்றன, வளர்கின்றன, அழிகின்றன. இன்னும் ஒரு வியப்பு உண்டு. யூனிக்ஸ் மரபில் வந்த முறைமைகளிலே ஒரு கோப்பைத் திறந்து வாசித்தால், அஃது இறுதியாக வாசிக்கப்பட்ட நேரம் இன்னது என்று அதன் குறிப்பிலே பதியும் வழக்கம் தொன்றுதொட்டு இருந்து வந்தது. எனவே வாசிப்பதுகூட அங்கே ஒருவகை எழுத்தாகவே ஆயிற்று. எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் நின்றுவிட்டால், பாதி எழுதிய பதிவும் பாதி அழிந்த பதிவுமாகத் தட்டு குழம்பிப்போதல் உண்டு. இக்குழப்பத்திற்கு இடமே இல்லாத ஓர் ஏட்டைக் கணினிக்குள் அமைக்க முடியுமா? இக்கேள்விக்குக் கிடைத்த விடையே ‘வாசிப்பதற்கு மட்டுமான கோப்புமுறைமைப் படிமம்’ என்பது.

பெயர் நீளமானது, பொருள் எளியது. கோப்புமுறைமை என்பதை ஒரு நூலகத்திற்கு ஒப்பிடலாம். நூல்கள் அடுக்கப்பட்டிருக்கும் தட்டுக்கள் ஒருபுறம். எந்த நூல் எந்தத் தட்டில் உளது என்று கூறும் அட்டவணை மறுபுறம். இவ்விரண்டும் சேர்ந்ததே நூலகம். அந்நூலகம் முழுவதையும், அட்டவணையோடு சேர்த்து, ஒரே நூலாகக் கட்டிவிட்டால் எப்படியிருக்கும்? அதுவே படிமம். வெளியிலிருந்து நோக்கின் அது தனியொரு கோப்பு. கணினி அதனை ஏற்றுக்கொண்டபின் உள்ளே நோக்கின், ஆயிரக்கணக்கான கோப்புக்களும் அடைவுகளும் தத்தம் இடத்திலே நிற்கும். அவற்றை வாசிக்கலாம், இயக்கலாம், பிறிதோரிடத்திற்குப் படியெடுக்கலாம். மாற்ற மட்டும் இயலாது.

இப்படிமத்தை ஆக்கும் கருவிக்கு அழகிய சாளரமோ வண்ணப் பொத்தான்களோ வேண்டியதில்லை. கணினியின் முன்னமர்ந்து ஒரே வரியில் ஒரு கட்டளையைத் தட்டச்சிட்டாற் போதும்: முதலில் கருவியின் பெயர், அடுத்து மூல அடைவின் பெயர், இறுதியிற் பிறக்கவிருக்கும் படிமத்தின் பெயர். அவ்வொரு வரிக்குப் பின்னே நாற்பது ஆண்டுகால முயற்சி மறைந்து கிடக்கின்றது.

வரலாறு இறுவட்டிலிருந்து தொடங்குகின்றது. பிலிப்ஸ், சோனி என்னும் இரு நிறுவனங்களும் இசைக்கென ஆக்கிய இறுவட்டு 1982 ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. அத்தட்டிலே இசைக்குப் பதிலாகக் கணினித் தரவுகளைப் பதிப்பதற்கான விதிகள் 1983 இல் வகுக்கப்பட்டன. ஏறத்தாழ 650 மெகாபைற்று கொள்ளும் தட்டு அது. அக்காலத்து மேசைக் கணினிகளின் வன்தட்டுக்கள் பத்து, இருபது மெகாபைற்று அளவினவாக இருந்தமையை நினைந்தால், அஃது எத்துணைப் பெரிய களஞ்சியம் என்பது விளங்கும். ஆயின் தட்டிற் புள்ளிகளைப் பதிக்கும் முறை வகுக்கப்பட்டதேயன்றி, கோப்புக்களை அடுக்கும் முறை வகுக்கப்படவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் அடுக்குமுறையைக் கைக்கொண்டது. ஒருவர் வெளியிட்ட தட்டை மற்றொருவரின் கணினி வாசிக்க மாட்டாத நிலை தோன்றிற்று.

1985 ஆம் ஆண்டில் இத்துறையைச் சார்ந்த நிறுவனங்களின் பிரதிநிதிகள், அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலே தாகோ ஏரியின் அருகிலுள்ள ‘ஹை சியெரா’ என்னும் விடுதியிற் கூடினர். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஓர் அடுக்குமுறையை வகுப்பதே அவர்கள் நோக்கம். அவர்கள் வகுத்த முறைக்கு அவ்விடுதியின் பெயரே நிலைத்தது. அதனைத் தழுவி 1986 இல் ஐரோப்பியக் கணினி உற்பத்தியாளர் சங்கம் ஒரு நியமத்தை வெளியிட்டது. 1988 இல் அதுவே சிறு மாற்றங்களுடன் ‘ஐஎஸ்ஓ 9660’ என்னும் சர்வதேச நியமமாயிற்று.

அந்நியமத்தின் உள்ளமைப்பு ஆராயத்தக்கது. தட்டு 2,048 பைற்று கொண்ட சிறு கூறுகளாகப் பகுக்கப்படுகின்றது. முதற் பதினாறு கூறுகளை நியமம் தனக்கென எடுத்துக்கொள்ளாது, கணினிகளின் வேறு தேவைகளுக்கென ஒதுக்கி வைக்கின்றது. பதினேழாவது கூறிலே தட்டின் முகப்புப் பதிவு தொடங்கும். அப்பதிவில் உள்ள முக்கியமான எண்கள் இருமுறை எழுதப்படுகின்றன. கணினிகளுள் ஒருசாரார் எண்ணின் சிறிய பகுதியை முதலில் எழுதுவர். மற்றொரு சாரார் பெரிய பகுதியை முதலில் எழுதுவர். இரு சாராரும் இடர்ப்படாது வாசிக்கும் பொருட்டே இந்த இரட்டை எழுத்து. பொதுமை என்பது எவ்வளவு நுணுக்கமான விட்டுக்கொடுப்புக்களாற் கட்டப்படுகின்றது என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

வன்தட்டின் கோப்புமுறைமைக்கும் இதற்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. வன்தட்டிலே ‘இன்னின்ன இடங்கள் காலியாக உள’ என்னும் பட்டியல் ஒன்று இடையறாது பேணப்படல் வேண்டும். கோப்பு வளரக்கூடும் ஆதலின், அது பல துண்டுகளாகச் சிதறுதலும் உண்டு. மாறாத தட்டிலோ காலியிடம் என்னும் பேச்சுக்கே இடமில்லை, கோப்பு வளரப்போவதுமில்லை. எனவே கோப்புக்களை இடைவெளியின்றி ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிவிடலாம். ஒரு கோப்பு எங்கே தொடங்குகின்றது, எவ்வளவு நீளமானது என்னும் இரண்டு எண்களே போதுமானவை. மாறாமை என்பது ஒரு குறைபாடாக மட்டுமன்றி ஒரு வசதியாகவும் அமையும் என்பதைக் கணினியாளர் இவ்விடத்திலே தெளிவாகக் கண்டனர்.

ஆயினும் அந்நியமத்தின் தொடக்க நிலை மிக இறுக்கமானது. கோப்பின் பெயர் எட்டு எழுத்துக்கும், பெயரின் ஒட்டு மூன்று எழுத்துக்கும் மேற்படலாகாது. ஆங்கிலப் பெரிய எழுத்துக்கள், இலக்கங்கள், ஓர் அடிக்கோடு ஆகியன தவிர வேறு குறிகள் கூடா. அடைவுக்குள் அடைவாக எட்டு நிலைகளுக்குமேல் இறங்கலாகாது. தமிழிற் பெயரிட விரும்புவோருக்கு அங்கே இடமே இல்லை.

இவ்விறுக்கத்தைத் தளர்த்தும் முயற்சிகள் 1990களில் எழுந்தன. யூனிக்ஸ் முறைமையினர், நெடிய பெயர்களையும் கோப்பின் உரிமையாளர் விவரத்தையும் பதிவதற்கென ‘ரொக் ரிட்ஜ்’ என்னும் விரிவை ஆக்கினர். அஃது 1974 இல் வெளிவந்த ஒரு நகைச்சுவைத் திரைப்படத்திலே வரும் ஊரின் பெயர். 1995 இல் மைக்ரோசொஃப்ற் நிறுவனம் ‘ஜோலியற்’ என்னும் விரிவை வெளியிட்டது. அதன்படி பெயர்கள் யூனிகோடு எழுத்துக்களால் அமையலாம்; ஒரு பெயர் 64 குறிகள்வரை நீளலாம். 1991 ஆம் ஆண்டின் முதலாவது யூனிகோடு நியமத்திலேயே தமிழ் இடம்பெற்றிருந்தமையால், இறுவட்டிலுள்ள கோப்புக்குத் தமிழிற் பெயரிடும் வழி இவ்வாறு பிறந்தது. ஆயின் இங்கேயும் ஒரு நுட்பம் உண்டு. ‘யாழ்ப்பாணம்’ என்னும் சொல் தமிழ்க் கணக்கிலே ஆறு எழுத்து. யூனிகோட்டின் கணக்கிலோ புள்ளியும் துணைக்காலும் தனித்தனியே எண்ணப்படுவதால் பதினொரு குறி. எனவே 64 என்னும் எல்லை தமிழருக்கு ஏறக்குறைய அதன் பாதியளவாகவே பயன்பட்டது.

நியமம் வகுப்பது ஒன்று; அதன்படி படிமத்தை ஆக்குவது வேறொன்று. தொடக்கத்தில் அவ்வேலை விலையுயர்ந்த கருவிகளை வைத்திருந்த பதிப்பு நிறுவனங்களுக்கே உரியதாயிருந்தது. 1993 ஆம் ஆண்டில் எரிக் யங்டேல் என்பார் ‘எம்கே-ஐஎஸ்ஓ-எஃப்எஸ்’ என்னும் கட்டளை வரிக் கருவியை எழுதினார். பெயரின் முதலிலுள்ள ‘எம்கே’ என்பது ‘உண்டாக்கு’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். லினக்ஸ் முறைமை தோன்றி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. சாதாரணக் கணினி வைத்திருந்த எவரும், தமது அடைவொன்றை இறுவட்டுக்குரிய படிமமாக மாற்றும் வாய்ப்பை அக்கருவி வழங்கிற்று.

அது வேலை செய்யும் முறை, நூலுக்கு உள்ளடக்கம் எழுதுபவரின் முறையை ஒத்தது. உள்ளடக்கம் நூலின் முன்னே நிற்க வேண்டும். ஆனால் எந்த இயல் எந்தப் பக்கத்திலே தொடங்கும் என்பது எல்லாவற்றையும் அளந்தபின்னரே தெரியும். எனவே கருவி முதலில் அடைவு முழுவதையும் சுற்றிப் பார்க்கின்றது; ஒவ்வொரு கோப்பின் நீளத்தையும் அளக்கின்றது; ஒவ்வொன்றும் தட்டில் எவ்விடத்தில் அமரும் என்று கணக்கிடுகின்றது. கணக்கு முடிந்தபின்னரே முதற் பைற்று எழுதப்படுகின்றது. அதன்பின் முன்னும் பின்னும் நகராது, தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே ஓட்டமாக எழுதிச் செல்கின்றது.

இறுவட்டிற் பதிவோருக்கு அந்நாளில் ஒரு பெருந்துன்பம் இருந்தது. பதியும் கருவியின் ஒளிக்கதிர் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். கணினி இடையறாது தரவை ஊட்டிக்கொண்டிருத்தல் வேண்டும். ஒரு கணம் தரவு தடைப்பட்டாலும் தட்டு பாழ். அதனைத் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைப்பதற்கன்றி வேறெதற்கும் பயன்படுத்த முடியாது. ஆதலின், முதலிலே படிமத்தை வன்தட்டில் முழுமையாக ஆக்கிக்கொண்டு, பின்னர் அதனைத் தட்டிற் பதிக்கும் வழக்கம் வேரூன்றிற்று. இவ்வழக்கத்தால் எதிர்பாராத விளைவொன்று ஏற்பட்டது. தட்டுக்கு முன்னோடியாக இருந்த படிமம் தனக்கென ஒரு வாழ்வைப் பெற்றது. அதனை வலையமைப்பின் வழியே அனுப்பலாம், பேணி வைக்கலாம், தட்டே இல்லாமற் கணினியில் ஏற்றியும் வாசிக்கலாம் என்பதை மக்கள் கண்டுகொண்டனர்.

இக்கருவி பின்னாளில் ஜேர்மனியைச் சேர்ந்த யோர்க் ஷில்லிங் என்பாரின் பராமரிப்புக்கு வந்தது. உரிம விதிகள் பற்றி எழுந்த பிணக்கால், 2006 ஆம் ஆண்டில் டெபியன் குழுவினர் அதிலிருந்து பிரிந்து ‘ஜெனைசோ-இமேஜ்’ என்னும் கிளைக் கருவியை வெளியிட்டனர். கருவி எழுதுவோரும் மனிதரே. மனிதருக்குள் எழும் பிணக்குகள் கருவிகளின் வரலாற்றிலும் தடம் பதிக்கின்றன.

ஐஎஸ்ஓ முறையிலே கோப்புக்கள் உள்ளவாறே வைக்கப்பட்டன, சுருக்கப்படவில்லை. 1990களின் இறுதியில் சிறு கருவிகளிலும் லினக்ஸ் புகத் தொடங்கியது. அவற்றின் நினைவகமோ மிகச் சிறிது. கோப்புமுறைமை முழுவதையும் ஒரே மூச்சிற் சுருக்கிவிட்டால் இடம் மிச்சமாகும். ஆயின் நடுவிலுள்ள ஒரு பக்கத்தை வாசிப்பதற்குத் தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் விரிக்க நேரிடும். பாயைச் சுருட்டி வைத்தால், நடுவிலுள்ள ஓர் இழையைக் காண்பதற்கும் பாயை விரித்தே ஆகவேண்டும் அல்லவா?

இதற்கு 1999 ஆம் ஆண்டில் லினக்சை ஆக்கிய லினஸ் தோர்வால்ட்ஸ் அவர்களே ஒரு வழி கண்டார். அவர் எழுதிய ‘கிராம்எஃப்எஸ்’ என்னும் முறையிலே ஒவ்வொரு கோப்பும் 4,096 பைற்று கொண்ட பக்கங்களாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு பக்கமும் தனித்தனியே சுருக்கப்படுகின்றது. வேண்டிய பக்கத்தை மட்டும் விரித்தாற் போதும். மிக எளிமையான ஆக்கம் அது. எளிமைக்கு விலையும் இருந்தது. ஒரு கோப்பு 16 மெகாபைற்றுக்கு மேற்படலாகாது. படிமம் முழுவதும் ஏறத்தாழ 256 மெகாபைற்றுக்குள் அடங்கல் வேண்டும். கோப்புக்களின் தேதிகள் பதியப்படுவதில்லை. ஆகையால் எல்லாக் கோப்புக்களும் 1970 ஆம் ஆண்டு சனவரி முதலாந் தேதியிற் பிறந்தனவாகவே தோன்றும். சிறு கருவிகளுக்கு இவை பொருட்டல்ல. பெரிய முயற்சிகளுக்கு இவை தடைகளாயின.

அத்தகைய பெரிய முயற்சியொன்று 2000 ஆம் ஆண்டில் ஜேர்மனியிலே தோன்றியது. கிளவுஸ் க்னொப்பர் என்பார் ‘க்னொப்பிக்ஸ்’ என்னும் இறுவட்டை வெளியிட்டார். அத்தட்டைக் கணினியிலிட்டு இயக்கினால், வன்தட்டைத் தொடாமலே முழுமையான லினக்ஸ் முறைமை எழுந்து நிற்கும். ரஸ்டி ரஸ்ஸல் என்பார் தொடக்கத்தில் எழுதிய ‘சீலூப்’ என்னும் சுருக்குமுறையைக் கொண்டு, 700 மெகாபைற்றுத் தட்டிலே ஏறத்தாழ 2 கிகாபைற்று மென்பொருளை அவர் அடக்கினார். அங்கே படிமம் இரு படிகளில் ஆக்கப்பட்டது. முதலில் ஐஎஸ்ஓ படிமம். பின்னர் அப்படிமத்தைப் பாளம் பாளமாகச் சுருக்கும் மற்றொரு கட்டளை.

க்னொப்பிக்சின் பயன் பல்லோரைக் கவர்ந்தது. வன்தட்டுக் கெட்டுக் கணினி எழ மறுத்த வேளைகளில், அத்தட்டைக் கொண்டு கணினியை எழுப்பி, உள்ளே சிக்கிய ஆவணங்களை மீட்டெடுத்தவர் பலர். நச்சுநிரல் அத்தட்டைத் தீண்ட இயலாது. கற்றுக்குட்டி செய்யும் தவறும் அதனைக் கெடுக்க இயலாது. எத்தகைய குழப்பம் நேரினும், கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கினால் பழைய நிலை அப்படியே திரும்பிவிடும். கெடுத்துவிடுவோமோ என்னும் அச்சமின்றிக் கற்கும் வசதியை மாறாமை வழங்கிற்று.

இரு படிகளையும் ஒன்றாக்கி, சுருக்கத்தையும் கோப்புமுறைமையையும் ஒரே அமைப்பில் இணைத்தவர் பிலிப் லாகர் என்னும் நிரலாளர். அவரது ‘ஸ்குவாஷ்எஃப்எஸ்’ 2002 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதன்முறையாக வெளிவந்தது. அதனை ஆக்கும் கருவியின் பெயர் ‘எம்கே-ஸ்குவாஷ்எஃப்எஸ்’. கிராம்எஃப்எஸ் முறையில் இருந்த குறைகள் இங்கே ஒவ்வொன்றாக நீக்கப்பட்டன. நூல்கள் மட்டுமன்றி அட்டவணையும் சுருக்கப்பட்டது. கோப்பின் உரிமையாளர், தேதி முதலிய விவரங்கள் முழுமையாகப் பேணப்பட்டன. ஒரே உள்ளடக்கம் கொண்ட கோப்புக்கள் பலவிடத்தில் இருப்பின், ஒருமுறை மட்டும் எழுதிவிட்டு ஏனையவற்றை அதனையே சுட்டுமாறு செய்தது கருவி.

வெட்டும் பாளத்தின் அளவும் பெருக்கப்பட்டது. இற்றைநாளில் இயல்பான அளவு 128 கிலோபைற்று. வேண்டின் 1 மெகாபைற்றுவரை உயர்த்தலாம். பாளம் பெரிதாகப் பெரிதாக, அதற்குள்ளே மீண்டும் மீண்டும் வரும் தொடர்கள் மிகுதியாகும், சுருக்கமும் மிகும். ஆயின் ஒரு சிறு பகுதியை வாசிக்க விரும்பினும் பாளம் முழுவதையும் விரிக்க நேரிடும். இடத்தை மிச்சப்படுத்தினால் வேகம் குறையும். வேகத்தை நாடினால் இடம் செலவாகும். இவ்விரண்டுக்குமிடையே எங்கே நிற்பது என்பதைப் படிமம் ஆக்குபவரே தீர்மானிக்கின்றார்.

கோப்புக்களின் நீளம் பாளத்தின் அளவோடு சரியாகப் பொருந்துவதில்லை. 130 கிலோபைற்றுக் கோப்பொன்றிலே ஒரு பாளம் போக 2 கிலோபைற்று எஞ்சும். இத்தகைய வால்களையும் மிகச் சிறிய கோப்புக்களையும் ஒருங்கு திரட்டி ஒரே பாளமாகச் சுருக்கும் உத்தியை ஸ்குவாஷ்எஃப்எஸ் கையாண்டது. தையற்காரர் எஞ்சிய துணித்துண்டுகளைச் சேர்த்து வேறோர் ஆடை தைப்பது போன்றது இது. நூறு துண்டுகளைத் தனித்தனியே சுருக்குவதைக் காட்டிலும் ஒன்றாகச் சேர்த்துச் சுருக்குவதால் இடம் பெரிதும் மிச்சமாகின்றது.

எழுதும் ஒழுங்கும் ஐஎஸ்ஓ கருவியின் ஒழுங்குக்கு நேர்மாறானது. சுருக்கிய பின்னர் ஒரு பாளம் எவ்வளவு சிறுக்கும் என்பதை முன்கூட்டியே கணக்கிட இயலாது. ஆதலின் கருவி முதலிலே பாளங்களை எழுதுகின்றது. அவற்றின்பின் அட்டவணைகளை எழுதுகின்றது. எல்லாம் முடிந்தபின் தொடக்கத்திற்குத் திரும்பி வந்து, அங்கே விட்டுவைத்த இடத்தில் முகப்புப் பதிவை எழுதுகின்றது.

இக்கருவியைக் கையாள்வோர் அறிந்திருக்க வேண்டிய பொறியொன்றும் உண்டு. கூறப்பட்ட பெயரில் ஏற்கெனவே ஒரு ஸ்குவாஷ் படிமம் இருக்குமாயின், கருவி அதனை அழித்துப் புதிதாக எழுதுவதில்லை. புதிய கோப்புக்களைப் பழைய படிமத்தின் ஈற்றிலே சேர்த்துவிடுகின்றது. ‘சேர்க்கற்க’ என்னும் பொருள்தரும் குறியைக் கட்டளையின் இறுதியில் இடாதவர், பழையதும் புதியதும் கலந்த ஒரு படிமத்தைப் பெற்றுத் திகைப்பர். ஒரே வரியில் அமையும் கட்டளை என்பதற்காக அதனை எளிதாக எண்ணிவிடலாகாது.

பயனர்களிடையே பரவிவிட்ட போதிலும், லினக்சின் கருவாகிய கர்னலிலே ஸ்குவாஷ்எஃப்எஸ் உடனடியாக இடம்பெறவில்லை. ஆண்டுக்கணக்கில் அது தனி ஒட்டாகவே பேணப்பட்டு வந்தது. 2009 ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளியான 2.6.29 ஆம் பதிப்பிலேதான் அது முறையாகச் சேர்க்கப்பட்டது. அதன்பின் 2011 இல் ‘எக்ஸ்இசெட்’ என்னும் இறுக்கமான சுருக்குமுறையும், 2017 இல் ‘இசெட்-ஸ்ரான்டர்ட்’ என்னும் விரைவான சுருக்குமுறையும் அதில் இணைந்தன. உபுண்டு போன்ற வெளியீடுகளின் நிறுவும் தட்டுக்களிலே அதுவே முறைமையைச் சுமந்து வந்தது.

மாறாத ஏட்டிலே நாளாந்த வாழ்வு நடத்துவது எங்ஙனம்? ஒரு கடவுச்சொல்லை மாற்ற விரும்பினும் எங்காவது எழுதியே ஆகவேண்டுமே! நிலப்படத்தின்மீது கண்ணாடித்தாளை விரித்து, அத்தாளிலே கோடிடுபவரின் உத்தி இங்கே கைகொடுத்தது. கீழே மாறாத படிமம். மேலே எழுதத்தக்க மெல்லிய அடுக்கு. மாற்றங்கள் யாவும் மேலடுக்கிலே பதியப்படுகின்றன. காண்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றுகின்றன. ஒரு கோப்பை அழித்தால் அது கீழே அழிவதில்லை; அதனை மறைக்கும் குறியொன்று மேலே இடப்படுகின்றது. இவ்வகை அடுக்குமுறைகள் பலவாக வளர்ந்து, 2014 ஆம் ஆண்டு டிசம்பரில் ‘ஓவர்லே’ என்னும் பெயருடன் கர்னலிலும் ஒன்று சேர்ந்தது. வீடுகளில் இணைய இணைப்பைப் பங்கிடும் திசைவிக் கருவிகள் பலவற்றிலே இவ்வமைப்பே உளது. குழம்பிப்போன கருவியின் மீள்நிலைப் பொத்தானை அழுத்தினால், மேலடுக்கு மட்டும் துடைக்கப்படுகின்றது. தொழிற்சாலையில் இருந்து வந்த படிமம் மாசின்றி வெளிப்படுகின்றது.

அடுத்து எழுந்தது நம்பிக்கை பற்றிய கேள்வி. படிமத்தைக் கணினி மாற்றாது என்பது உண்மையே. ஆயின் அதனைத் தாங்கிய நினைவகத்தை வஞ்சகன் ஒருவன் நேரே திருத்திவிட்டால் என் செய்வது? செப்பேட்டிலும் போலி உண்டன்றோ? 1979 ஆம் ஆண்டில் ரால்ஃப் மேர்க்கிள் என்னும் அறிஞர் முன்மொழிந்த மரவடிவக் கணக்கு இதற்கு உதவிற்று. ஒவ்வொரு பாளத்திற்கும் ஒரு விரலடையாளம் போன்ற எண் கணக்கிடப்படுகின்றது. அவ்வெண்களைத் தொகுத்து மற்றோர் எண். அவற்றையும் தொகுத்து மற்றோர் எண். இவ்வாறு ஏறி உச்சியில் ஒரே எண். அவ்வுச்சியெண்ணை மட்டும் காத்துக்கொண்டால், படிமத்தின் எந்த மூலையில் ஒரு துளி மாறினும், அப்பாளத்தை வாசிக்கும்போது பிடிபட்டுவிடும். 2012 ஆம் ஆண்டில் லினக்சில் இடம்பெற்ற இம்முறை, பின்னர் கைத்தொலைபேசிகளுக்கும் காவலாயிற்று. நாள்தோறும் மாறும் கோப்புமுறைமைக்கு இத்தகைய முன்கணித்த முத்திரை பொருந்தாது. மாறாதது எதுவோ அதற்கே முத்திரை.

முத்திரையும் போதாது என்று எண்ணினோர் உளர். ஒரே மூலத்திலிருந்து இருவர் தனித்தனியே படிமம் ஆக்கினால், இரண்டும் ஓரெழுத்தும் பிசகாது ஒத்திருத்தல் வேண்டும். அப்பொழுதன்றோ படிமம் அம்மூலத்தினின்றே பிறந்தது என்பதை எவரும் சோதித்தறியலாம்? ஆக்கிய நேரம் படிமத்திற் பதிவதாலும், பல செயலிகள் ஒருங்கே உழைப்பதால் வரிசை மாறுவதாலும் இது கடினமாயிருந்தது. 2019 இல் வெளியான ஸ்குவாஷ் கருவிகளின் 4.4 ஆம் பதிப்பு இக்குறையை நீக்கிற்று.

கைத்தொலைபேசிகள் பெருகிய காலத்தில் மற்றுமொரு முறை தோன்றியது. ஹுவாவே நிறுவனத்தில் காவ் சியாங் என்பார் முன்னின்று ஆக்கிய ‘ஈரோஎஃப்எஸ்’, 2018 இல் கர்னலின் சோதனைப் பகுதியிலும், 2019 இல் முறையான பகுதியிலும் இடம்பெற்றது. ஸ்குவாஷ் முறை சம அளவான பாளங்களை எடுத்துச் சுருக்கிற்று. சுருங்கியவை வெவ்வேறு அளவாயின. புதிய முறையோ சுருங்கிய பின் வருவது சம அளவாக இருக்குமாறு அமைத்தது. வாசிக்கும்போது தேவையற்ற தரவைச் சுமந்து வருவது இதனாற் குறைந்தது. நினைவகம் சிறுத்த தொலைபேசிகளில் இதன் பயன் பெரிது.

இவ்வரலாறு முழுவதையும் ஒருங்கே நோக்கின் ஓர் உண்மை புலப்படும். உழைப்பு முழுவதும் ஆக்குபவர் பக்கம் குவிக்கப்படுகின்றது. அளப்பதும், வெட்டுவதும், சுருக்குவதும், அட்டவணையிடுவதும் ஒருமுறை நிகழ்கின்றன. அதன் பயனைப் பின்னர் வாசிப்போர் இலட்சம் முறை நுகர்கின்றனர். ஒருவர் ஒருமுறை படும் துன்பம் பலருக்குப் பன்முறை இன்பமாகின்றது.

உழைப்போடு பொறுப்பும் ஆக்குபவர் பக்கமே குவிகின்றது. படிமத்தில் உறைந்துவிட்ட பிழை அவ்வாறே உறைந்து கிடக்கும். அதனை நீக்க வேண்டின் படிமம் முழுவதையும் மீண்டும் ஆக்கி அனுப்புதல் வேண்டும். ஆக்கியோர் கைவிட்டுவிட்ட கருவிகளிலே, பாதுகாப்புக் குறைபாடுகளும் மாறாமையின் காவலுக்குள்ளே பத்திரமாக இருந்துவிடுகின்றன. மாறாதது என்பதால் மட்டும் ஒன்று சரியானது ஆகிவிடாது. செப்பேட்டிற் பிழை பொறித்தால் அப்பிழையும் நிலைக்கும்.

எனினும், காலத்தை வென்று நிற்பதிலே படிமத்திற்கு நிகர் பிறிதொன்று அரிது. 1990களிற் பதிக்கப்பட்ட இறுவட்டுக்கள் பல கீறலுற்றும் மங்கியும் கெட்டுவிட்டன. அவற்றினின்று உரிய காலத்தில் எடுக்கப்பட்ட படிமங்களோ தட்டினின்று வன்தட்டுக்கும், வன்தட்டினின்று வலையமைப்புக் களஞ்சியங்களுக்கும் இடம்பெயர்ந்து வாழ்கின்றன. இற்றைக் கணினியும் ஓர் அட்டியின்றி அவற்றை வாசிக்கின்றது. தாகோ ஏரியின் அருகிற் கூடியோர் தம் அடுக்குமுறையை மறைபொருளாக்காது, எல்லோரும் அறியும் பொது நியமமாக்கினர் என்பதே அதற்குக் காரணம். பூட்டிய பேழை பயன்தருவது, திறவுகோலின் அமைப்பை எல்லோரும் அறிந்திருக்கும் வரையிலேதான். எழுதும் வாயிலை அடைத்து, வாசிக்கும் வாயிலை அகலத் திறந்து வைத்தமையாலேயே அப்படிமங்கள் இன்றும் வாசிக்கப்படுகின்றன.